அடர் நிறங்களைத் தனியே துவைக்கவும்

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே முருகேஷின் லேபிள் பிரஸ் இருக்கிறது. பனியனின் கழுத்திலும் இடுப்போரத்திலும் உறுத்திக்கொண்டே கிடக்குமே, அந்தத் துணி லேபிள்தான் அங்கே அச்சாகிறது. அங்கே செக்கிங் வேலை பார்க்கும் நதியாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் தண்ணீர் கிடைக்கும். தாகம் எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி.

நதியாவுக்குத் திக்குவாய். அதிலும் த, க, ந, அ இந்த நாலும் பரம விரோதிகள். 'த'வில் தொடங்கும் எதைச் சொல்லப் போனாலும் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "த... த..." என்று நிற்பாள். முதலாளி முருகேஷுக்குப் பார்க்கப் பொறுக்காது. தண்ணியா கண்ணு என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடுவார். அவள் சொல்ல வந்தது 'தப்பா ஓடுதுங்க' என்பதாக இருக்கும். அவர் கொண்டுவந்த தண்ணீரை அவள் குடித்து முடிப்பதற்குள் இன்னும் இருநூறு லேபிள் தப்பாக ஓடியிருக்கும்.

ஆனாலும் குடித்துவிடுவாள். பாதியைத் தன் சட்டையிலேயே சிந்திக்கொண்டு ஒரு மனுசன் அவ்வளவு வேகமாக எடுத்து வருகிற தண்ணீரை எப்படி வேண்டாம் என்பது? இதில் ஒரு லாபமும் உண்டு. அந்தத் தெருவில் சிறுநீரகக் கல் வரவே வராது என்று எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

முருகேஷ் மட்டுமில்லை, ஊரே அவள் வாக்கியத்தை முடித்து வைக்கிற ஊர். மளிகைக் கடையில் 'க' என்றால் கடுகு வரும். அவளுக்கு வேண்டியது கற்பூரம். பஸ்ஸில் 'அ' என்றதும் கண்டக்டர் அவிநாசிக்கு டிக்கெட் கிழித்துவிடுவார். வழியிலேயே அனுப்பர்பாளையத்தில் இறங்க வேண்டியவள் அவிநாசிவரைக்கும் காசு கொடுத்து எத்தனை தடவை வந்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை. திக்குவாய்க்கு ஏதாவது சான்றிதழ் கிடைக்குமா என்று ஒரு தடவை அம்மா ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் பேரைக் கேட்டார். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் ஒழுங்காக வராத 'நதியா' அன்றைக்கு ஆறு மாதிரி ஓடி வந்தது. டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

இது ஒரு காட்சி. பார்க்க வருகிறவர்களுக்கு நதியாவிடம் இன்னொரு காட்சியும் உண்டு. அதற்கு அவள் வாயே திறக்க வேண்டியதில்லை.

அவளுடைய அப்பா எமேகா லாகோஸ்காரர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டீ-ஷர்ட் வாங்க வந்தவர், வாங்க வந்ததை விட்டுவிட்டு, அதை செக்கிங் செய்துகொண்டிருந்த சித்ராதேவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெசவுக்காரக் குடும்பத்தில் சும்மா விடுவார்களா? ஒரு வருஷம் ரகளை. கடைசியில் முருகன் கோயிலில் மாலை மாற்றினார்கள். எமேகா என்கிற பெயர் யார் வாயிலும் நிற்காமல், தெருவில் அவர் மேகநாதன் ஆனார். விசா முடிந்து ஊருக்குப் போய் நாலு வருஷமாகிறது. மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்து, "சோறு உண்டாச்சுங்களா அம்மிணி?" என்று கேட்பார். தமிழை அவர் பழகியது வேஸ்ட் துணி வியாபாரிகளிடம். அதனால் பெற்ற மகளுக்கும் 'ங்க'தான்.

அப்பாவின் நிறமும் முடியும் அப்படியே நதியாவுக்கு வந்துவிட்டன. ஆட்டோக்காரர் இங்கிலீஷில் விலை சொல்வார். பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்காமலே பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரிஜினலா என்பார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காராமல் ஒட்டி நின்றுகொண்டே அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். நதியா முழுசாகப் பேச விடுவாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவர்கள் சொல்வதில் ஏதாவது புதுசாக இருக்கிறதா என்று கேட்பாள். இருக்காது. இறங்கும்போது, "வழி உடுங் சாமி, எறங்கோணும்" என்பாள். 'வ' அவளுடைய சிநேகித எழுத்து. ஒரு தடவைகூடக் காலை வாரியதில்லை. அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிய நாளும் உண்டு.

எல்லாவற்றையும் இப்படிச் சிரித்துத் தள்ள முடியாது. ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் பாட்டு ஒப்பிக்கப் பேர் கொடுத்தாள். முப்பது வரியும் மனப்பாடம். ஆனால் வேறொரு பெண்ணை ஒப்பிக்க வைத்துவிட்டு, இவளைப் பின்னால் மரமாக நிற்கச் சொன்னார்கள். தண்டுக்குச் சாயமே பூச வேண்டாம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மேடையில் அந்தப் பெண்ணுக்கு எட்டாவது வரி மறந்துபோனது. மரத்துக்குத் தெரியும். மரம் பேசக்கூடாது என்பதால் நதியா கிளையைக்கூட அசைக்காமல் நின்றாள். அந்த வருஷத்தோடு படிப்பும் நின்றது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. லேபிள் ரோலின் கடைசியில் ஒரு முழம், ரெண்டு முழம் வெள்ளை சாட்டின் டேப் அச்சாகாமல் மிஞ்சும். அதில் மார்க்கர் பேனாவால் வரி வரியாக எழுதிச் சுருட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். எழுதும்போது எந்த எழுத்தும் திக்குவதில்லை. த, க, ந, அ எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கும்.

போன ஆடியில் ஒரு ஆர்டர் வந்தது. செங்கோட்டையன் என்று ஒரு பனியன் கம்பெனிக்காரர். தமிழ் என்றால் உயிரை விடுகிறவர். தன் பனியனில் துவைக்கும் முறை சுத்தத் தமிழில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முருகேஷுக்குத் தெரிந்த தமிழ் பில் போடும் அளவுக்குத்தான். நதியா எழுதிக் கொடுத்தாள். வெந்நீர் வேண்டாம். வெளுப்பான் வேண்டாம். முறுக்கிப் பிழிய வேண்டாம். அடர் நிறங்களைத் தனியே துவைக்கவும்.

அச்சாகி வந்த முதல் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முருகேஷ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைக்கே ரோல் முனையில் கவிதை எழுதி முடித்துவிட்டாள்.

செங்கோட்டையன் ஒரு தமிழ் மன்றத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். தைப் பொங்கலுக்குக் கவியரங்கம், புதியவர்களும் எழுதி அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. நதியா அனுப்பினாள். தேர்வாகிவிட்டது. மேடையில் தாங்களே வாசிக்க வேண்டும், நேரம் நாலு நிமிடம் என்று மெசேஜ் வந்தது. போன் என்றால் அவளுக்கு ஏழாம் பொருத்தம். எல்லாமே மெசேஜில்தான் நடந்தது. 'எ. நதியா' என்கிற இனிஷியலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மன்றத்துக்குத் தெரியாது.

மேடை ஏற வேண்டாமே என்று முருகேஷ்கூடச் சொல்லிப் பார்த்தார். நதியாவுக்கு வேண்டியது சால்வையோ கேடயமோ இல்லை. ஒரே ஒரு தடவை, தான் எழுதியதைத் தன் வாயாலேயே, கடைசிச் சொல் வரைக்கும், யாரும் குறுக்கே புகுந்து முடித்து வைக்காமல் சொல்ல வேண்டும்.

அதற்கு அவளிடம் ஒரு தெம்பும் இருந்தது. கவியரங்க வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அங்கே யாருமே ஒரு வரியை ஒரு தடவையோடு விடுவதில்லை. ரெண்டு தடவை சொல்ல வேண்டும், அது எழுதாத சட்டம். ரெண்டாவது தடவை கடைசிச் சொல்லுக்கு முன்னால் கவிஞர் வேண்டுமென்றே நிறுத்துவார். சபை அந்தச் சொல்லைத் தானே சொல்லிவிட்டுக் கை தட்டிக்கொள்ளும். ஆக, சொன்னதையே சொல்வது, நடுவில் நிற்பது, அடுத்தவர் முடித்து வைப்பது என்று அவள் எதற்கெல்லாம் வெளியே தலைகுனிகிறாளோ அதெல்லாம் அங்கே கலை. "அவிய ரெண்டு மட்டம் சொல்றாங்க, நான் நாலு மட்டம் சொல்றேன். அவ்வளவுதானுங்களே," என்று முருகேஷுக்கு மெசேஜ் போட்டாள். இருபத்திநாலு வரியைப் பத்தாகக் குறைத்தாள். முருகேஷ் செல்போனில் நேரம் பார்த்தார். முதல் நாள் எட்டு நிமிடம். பத்து நாள் கழித்து ஐந்து. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

கவியரங்கத்தன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவோடும் முருகேஷோடும் மண்டபத்துக்குப் போனாள். வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண் நதியாவைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பனியன் வாங்க வரும் வெளிநாட்டு பையர்களின் மீட்டிங் பக்கத்து ஹோட்டலில் என்று இங்கிலீஷில் கை காட்டினாள். சித்ராதேவி செம்பைத் தானே எடுத்து மகள் தலையில் ரெண்டு தெளி தெளித்துவிட்டு உள்ளே கூட்டிப் போனாள்.

செங்கோட்டையன் கும்பிட்டு வரவேற்றுவிட்டு, நதியாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கவிஞர் எங்கே என்று தேடினார் போலிருக்கிறது. இவள்தான் என்றதும் சித்ராதேவியை ஓரமாக அழைத்துப் போனார். நம் ஊரில் சந்தேகப்படுவதைக்கூட மரியாதையாகத்தான் படுவார்கள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளைக்கு இதைய ஆரு எழுதிக் குடுத்தாங்க?"

"நீங்க போட்டிருக்கற பனியனுக்கு ஆரு எழுதிக் குடுத்தாங்களோ, அவியதானுங்க," என்றாள் சித்ராதேவி.

அவர் கை தானாகச் சட்டைக்குள் இடுப்போரமாகப் போனது. லேபிள் அங்கே இருந்தது. முருகேஷ் விவரத்தைச் சொல்லி முடித்தபோது அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். நதியாவிடம் வந்து, ஆறாவதாகக் கூப்பிடுவோம் அம்மிணி என்று பிரியமாகச் சொன்னார். நதியா நன்றி சொல்லப் போனாள்.

அங்கேதான் அடுத்த காட்சி ஆரம்பமானது. "ந... ந... ந..."

மன்றத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூணுக்குப் பின்னால் போய்க் கூடிக் கூடிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். முடிவில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கோயில் விழாக்களில் வர்ணனை செய்யும் தரணீதரன் கவிதையை வாசிப்பார். அவருக்கு வெண்கலக் குரல். பிள்ளை பக்கத்தில் நின்றால் போதும், சிரமப்படவே வேண்டாம், சால்வை போட்டுக் கௌரவிப்போம்.

மறுபடியும் மரம்.

நதியா கண்ணை மூடிக்கொண்டு, "நா... நா... நா..." என்றாள். நானே படிக்கிறேன் என்று சொல்ல வந்தாள்.

"நாற்காலியா கண்ணு?" என்றார் செங்கோட்டையன். "ஏப்பா கன்னையா, மேடைல அம்மிணிக்கு ஒரு சேர் போடு."

சேர் ஓடி வந்தது. மெத்தை வைத்த நல்ல சேர். இத்தனை வருஷம் முருகேஷ் கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் குடித்தவள், அந்த நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. அம்மாவைப் பார்த்தாள். சித்ராதேவி செங்கோட்டையனிடம் திரும்பி, சபைக்கு வணக்கமாவது அவள் வாயால் சொல்லட்டும் என்று கேட்டாள். ஒரே ஒரு சொல்தானே. சரி என்றுவிட்டார்கள். 'வ' யாருடைய சிநேகிதம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆறாவது முறை வந்தது. முன்னூறு பேர் இருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசம் வர ஆரம்பித்திருந்ததால் பாதிப் பேருக்குக் கவனம் அந்தப் பக்கம். நேரம் பார்க்க இந்துமதி டீச்சர் மேஜை மணியோடு மேடை ஓரத்தில் இருந்தார். மூன்று நிமிடத்துக்கு ஒரு மணி, நாலுக்கு ரெண்டு மணி. அதற்கு மேல் யாராக இருந்தாலும் இறக்கிவிடுவார் என்று அவருக்குப் பேர். தரணீதரன் தாளைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார். நதியா மைக்கை வாங்கினாள்.

"வணக்கமுங்க," என்றாள். மணி மணியாக வந்தது.

தரணீதரன் மைக்குக்குக் கை நீட்டினார். நதியா கொடுக்கவில்லை. சுடிதார் பாக்கெட்டில் கையை விட்டுச் சாட்டின் டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். மந்திரவாதி ரிப்பன் எடுப்பது மாதிரி அது வந்துகொண்டே இருந்தது. சபை சாம்பாரை மறந்தது.

"அ... அ... அ..." தரணீதரன் குனிந்து முதல் வரியை அவள் காதில் எடுத்துக் கொடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "அடர் நிறங்களைத் தனியே துவைக்கவும்." முறைப்படி மறுபடியும் சொன்னாள். வரி வந்தது ரெண்டு தடவை, 'அ' வந்தது எட்டுத் தடவை. முன்வரிசைப் பெரியவர் ஒருத்தர் இது ஏதோ புதுப் பாணி என்று நினைத்து ஆஹா போட்டார். செங்கோட்டையன் எழுந்திருக்கப் பார்த்து, அந்த ஆஹாவைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம்தான்: கடைசி பெஞ்ச், தனியே. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் கா... கா..."

"காலி," என்றது சபை. சொல்லிவிட்டுத் தனக்குத் தானே கை தட்டிக்கொண்டது. நதியா தலையாட்டினாள். தூண்டிலில் புழு மாட்டியாயிற்று.

"எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன்: அ... அ... அ..."

"ஆப்பிரிக்கா," என்று நாலு பக்கமும் குரல் கிளம்பியது.

"அனுப்பர்பாளையம்," என்றாள் நதியா.

பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். அதைத் தொடர்ந்து மண்டபமே சிரித்தது. அவளைப் பார்த்து இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிரிக்கா என்று சொன்னவரின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சொன்னவர்களும் சிரித்தார்கள். அவள் விடவில்லை.

"நம்பாமல் மறுபடி கேட்டார்கள், நிஜமாகவே எந்த ஊர்? நிஜமாகவும் அ..."

இந்தத் தடவை முன்னூறு பேரும் சேர்ந்து அனுப்பர்பாளையம் என்றார்கள். சத்தத்தில் வாழைமரத் தோரணம் ஆடியது. தரணீதரன் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, காலியாகக் கிடந்த மெத்தைச் சேரில் உட்கார்ந்துகொண்டார். முதல் மணி அடித்தது. இன்னும் நாலு வரி பாக்கி.

"வெந்நீர் வேண்டாம், வெளுப்பான் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். துணிக்கு எவ்வளவு அக்கறை." 'வ'க்கள் புண்ணியத்தில் அது ஒரே ஓட்டமாக ஓடியது. அடுத்த வரியைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது.

"என் வாயில் நூல் சிக்கும். நீங்கள் கத்தரியோடு ஓடி வருவீர்கள். கொஞ்சம் பொறுத்தால் நானே பிரித்துக்கொள்வேன்."

இதை அவள் ரெண்டு தடவை சொன்னபோது யாரும் கூடச் சொல்லவில்லை. பனியன் ஊர்க்காரர்கள். சிக்கெடுப்பது என்றால் என்ன என்று கைக்குத் தெரியும். முன்வரிசையில் செங்கோட்டையன் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் முருகேஷ் எதையோ கண்ணிலிருந்து எடுப்பது மாதிரி பாவனை செய்தார்.

கடைசி வரி. "தனியேதான் துவைத்தீர்கள். காயப்போட்டது ஒரே..."

அடைத்துக்கொண்டது. இது தூண்டில் இல்லை, நிஜமான அடைப்பு. 'கொ' தொண்டையில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கட்டைவிரலால் தொடையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள் எல்லோரும் கத்தரியோடு எழுந்து வருவது தெரிந்தது. சொல் என்னவென்று மண்டபத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். வீட்டில் துணி காயப்போடுகிற யாருக்குத்தான் தெரியாது?

"கொ... கொ..."

யாரும் சொல்லவில்லை.

நாலு நிமிடம் ஆகிவிட்டது. இந்துமதி டீச்சரின் கை மணிக்கு மேலே போய் நின்றது. பிறகு அவர் மணியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு குழந்தை ஏதோ கேட்க வாயெடுத்ததை அதன் அம்மா பொத்தினாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு அமைதியை நதியா கேட்டதில்லை. அவள் பேசுவதற்காகவே காலியாக விட்டு வைத்த இடம். அவசரமே இல்லை என்று பட்டதும் நாக்கு தானாகக் கழன்றது.

"கொடியில்."

கை தட்டலுக்கு முன்னால் பின்வரிசையிலிருந்து முருகேஷின் குரல்தான் வந்தது. "மறுக்காச் சொல்லு கண்ணு."

அதுவும் நியாயம்தான். சட்டப்படி கடைசி வரியையும் ரெண்டு தடவை சொல்லியாக வேண்டும். மறுபடியும் அந்தக் 'கொ'வா என்று நினைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டே நதியா சிரித்துவிட்டாள். டேப்பை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துப் பிடித்து ஆரம்பித்தாள்.

"த... த..."

முருகேஷ் பழக்கதோஷத்தில் தண்ணீருக்காகப் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.